சித்திரைக் கூடலுக்குப் பூமணக் கப்கேக்: வன்னி வீட்டுச் சமையலறைக்கு எந்தப் பூ பொருந்தும்?

சித்திரைப் புத்தாண்டு, உயிர்த்த ஞாயிறு, பங்குனி உத்தரப் பொங்கலுக்காக ஊர் திரும்பும் உறவினர்களின் வருகை, இடையிடையே பிள்ளைகளின் பிறந்தநாள் என்று வன்னி வீடுகளில் இளவேனிற் காலத்துக் கூடல்கள் அடுத்தடுத்து வருகின்றன. பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் அடுக்கப்படும் தட்டில் கப்கேக்கும் சேர்ந்துகொண்டுவிட்ட இக்காலத்தில், அதற்குப் பூமணம் ஊட்டி வீட்டிலேயே செய்ய விரும்புவோருக்கு முதலில் எழும் கேள்வி எந்தப் பூவைத் தேர்வது என்பதாகும். ரோசா, மல்லிகை, செவ்வரத்தை, சங்குப்பூ, இலுப்பைப்பூ, காட்டுத் தேன் ஆகிய ஆறும் நம் கைக்கு எட்டும் தெரிவுகள். இவற்றை ஒப்பிடும்போது மணம் எவ்வளவு இனியது என்று மட்டும் பார்த்தால் முடிவு பிழைத்துவிடும். அந்த மணம் அடுப்பின் சூட்டைத் தாங்குமா, 33, 34 பாகை செல்சியஸைத் தொடும் சித்திரை வெயிலில் மேசைமீது நிற்குமா, உண்பதற்குப் பாதுகாப்பான பூ கிடைக்குமா என்ற மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால், பூவின் பெயரைக் காட்டிலும் அதைக் கலவையில் சேர்ப்பதா மேற்பூச்சில் சேர்ப்பதா என்பதே பெரிய தீர்மானமாக அமைகிறது என்பது என் கருத்து.

தெரிவுகளை ஆராயுமுன் விலக்க வேண்டியவற்றை விலக்கிவிடுவோம். முற்றத்தில் அழகாக நிற்கும் அலரியும் மஞ்சள் அலரியும் கொடிய நஞ்சுடையவை; நித்தியகல்யாணியும் எருக்கலையும் உண்ணத் தகாதவை. இவற்றின் பூவைக் கேக்கில் சேர்ப்பது ஒருபுறமிருக்க, அழகுக்காகக் கேக்கின்மேல் வைப்பதும் தட்டின் ஓரத்தில் பரப்புவதும்கூடக் கூடாது, ஏனெனில் தட்டில் உள்ளதெல்லாம் தின்பதற்கே என்று சிறு பிள்ளைகள் எண்ணுவார்கள். கடையில் வாங்கும் மாலைப்பூவும் பூச்செண்டு ரோசாவும் உணவுக்காக வளர்க்கப்பட்டவை அல்லாததால், அவற்றில் பூச்சிநாசினி இருக்கக்கூடும். கழுவினாலும் அது முழுதாக நீங்கும் என்று நம்ப இயலாது. மருந்து தெளிக்காத வீட்டுச் செடியின் பூ, அல்லது உணவுக்கென்று பொதிசெய்யப்பட்ட பொருள், இவ்விரண்டைத் தவிர மூன்றாவது வழி இல்லை. வாசனைத் திரவியத்துக்கென விற்கப்படும் அத்தரும் பூ எண்ணெய்களும் சமையலறைக்கு உரியவையல்ல. மேலைநாட்டுச் செய்முறைகளில் அதிகம் பேசப்படும் லாவெண்டர் நம் வெப்பத்தில் வளராது. வாங்கினாலும் விலை அதிகம், அளவு சற்று மிஞ்சினால் சவர்க்கார வாசனை வந்துவிடும். புத்தாண்டுக் காலத்தில் கொட்டிக் கிடக்கும் வேப்பம்பூ வடகத்துக்கும் இரசத்துக்கும் உரியது. அதன் கசப்பைக் கேக்கில் அடக்க முயல்வது வீண்.

அடுத்து, சூடு மணத்தை என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பூவின் மணம் எளிதில் ஆவியாகும் சேர்மங்களால் ஆனது. அந்த இயல்பினால்தான் அது காற்றில் பரவி நம் மூக்கை எட்டுகிறது. கேக் வேகும்போது அதன் உட்பகுதி ஏறக்குறைய நீரின் கொதிநிலையை நெருங்குகிறது. கலவையிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகையில் மணச் சேர்மங்களையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. கொழுப்பில் கரைந்திருக்கும் மணம் சற்றுக் கூடுதலாக நிலைக்கும் என்பதால் பட்டரோடு சேர்த்து அடித்த மணம் பாலோடு ஊற்றிய மணத்தைவிட நன்றாகத் தங்குகிறது. எல்லாத் தெரிவுகளையும் ஒரே அடிப்படையில் ஒப்பிடுவதற்காக, 12 கப்கேக்குகளுக்கு 120 கிராம் கோதுமை மா, 110 கிராம் பட்டர், 110 கிராம் சீனி, 2 முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி பால் என்ற எளிய கலவையை எடுத்துக்கொள்வோம். 175 பாகை செல்சியஸில் 18 முதல் 20 நிமிடங்களுக்குள் இது வெந்துவிடும். வெண்ணிலா எசன்ஸ் சேர்க்கும் பழக்கமுள்ளவர்கள் பூமணக் கேக்கில் அதை விட்டுவிட வேண்டும். மென்மையான மணத்தை வெண்ணிலா முற்றாக மூடிவிடும்.

ரோசா எல்லோருக்கும் பழகிய மணம். குளிர்களிக் கடையின் பலூடாவிலும் சர்பத்திலும் சிறுவயது முதலே அதைச் சுவைத்துவிட்டோம். இலங்கையின் பழைய லவ் கேக்கில் ரவையோடும் கஜுவோடும் தேனும் பன்னீரும் சேர்வதை நினைத்தால், பூமணம் ஊட்டிய கேக் இந்நாட்டுக்குப் புதிதன்று என்பதும் புரியும். ரோசாவின் பெரிய பலம் அதன் சூடு தாங்கும் தன்மை. பன்னீர் என்பதே ரோசா இதழ்களை நீரோடு காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்துப் பெறுவது. எனவே காய்ச்சுதலைக் கடந்துவந்த மணம்தான் அதில் இருக்கிறது. நீரில் நன்கு கரையும் பீனெத்தைல் அற்ககோல் என்ற சேர்மம் அதில் மிகுந்திருப்பதும், அச்சேர்மம் 200 பாகைக்கு மேலேயே கொதிப்பதும், கேக் வெந்த பின்னரும் மணம் ஓரளவு எஞ்சுவதற்குத் துணைசெய்கின்றன. மேற்கூறிய கலவைக்கு இரண்டு தேக்கரண்டி பன்னீர் போதுமானது. பாலின் அளவில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பன்னீர் வாங்குவதில் கவனம் தேவை. திருமண வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிப்பதற்காக விற்கப்படும் போத்தல்களில் பல, நீரில் செயற்கை வாசனை கலந்தவை, அவை உண்பதற்குரியவையல்ல. முகத்துக்குப் பூசுவதற்கென்று விற்கப்படுபவற்றையும் தவிர்க்க வேண்டும். போத்தலின் லேபிளில் உணவுக்குரியது என்று தெளிவாக இருந்தால் மட்டுமே பயன்படுத்தலாம். அது கிடைக்காதபோது ரோசா எசன்ஸ் இரண்டாவது தெரிவாகிறது. அது பெரும்பாலும் செயற்கை மணம் என்பதை ஏற்றுக்கொண்டு, தேக்கரண்டியால் அளக்காமல் துளிக் கணக்கில் நான்கைந்து துளிகளோடு நிறுத்திவிட வேண்டும். சர்பத் பாணி மூன்றாவது தெரிவு. அதில் நிறமும் சீனியும் மிகுதி, மணம் குறைவு, ஆகவே கலவையில் ஊற்றினால் கேக் ஈரமாகுமே தவிர மணக்காது, மேற்பூச்சுக்கு நிறம் கொடுக்க ஒரு தேக்கரண்டி உதவும். வீட்டில் மருந்தடிக்காத நாட்டு ரோசாச் செடி இருந்தால் இதழ்களின் அடியிலுள்ள வெண்மையான பகுதியை வெட்டிவிட்டு, அது கசக்கும் என்பதால், மீதியைச் சீனியோடு கசக்கி ஓரிரவு மூடிவைத்து அந்தச் சீனியைப் பயன்படுத்தலாம்.

மல்லிகை இதற்கு நேர்மாறான இயல்புடையது. பறித்த பின்னும் மொட்டு இரவில் மலர்ந்து மணம் பரப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் சூட்டில் அந்த மணம் சிதைந்துவிடும். அதனாலேயே மணத் தொழில் செய்வோர் மல்லிகையை ரோசாவைப்போல் காய்ச்சுவதைத் தவிர்த்து வேறு வழிகளைக் கண்டார்கள். பிரான்சின் கிராஸ் நகரில் கண்ணாடித் தட்டில் பூசிய கொழுப்பின்மேல் பூக்களைப் பரப்பி மணத்தை ஏற்றினார்கள். வட இந்தியாவில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காக வைத்து, மணமேறிய எள்ளிலிருந்து எண்ணெய் பிழிந்தார்கள். சீனத்தின் மல்லிகைத் தேயிலையும் இரவு முழுவதும் மலரும் மொட்டுகளோடு தேயிலையை அடுக்கிவைத்தே உருவாகிறது. மூன்று முறைகளிலும் மணமேற்றும்போது அடுப்பு இல்லை, காத்திருப்பு உண்டு. வீட்டுச் சமையலறைக்கும் இதுவே பாடம்: மல்லிகையைக் கலவையில் சேர்ப்பது பூவை வீணாக்குவதாகும், அதன் இடம் வேகாத மேற்பூச்சு.

செய்முறை கடினமானதன்று. மாலையில் பறித்த மொட்டுகளின் காம்பையும் பச்சைப் புல்லியையும் நீக்கிவிட்டு, மூடியுள்ள பாத்திரத்தில் 150 கிராம் ஐசிங் சீனியைப் பரப்பி, அதன்மேல் மெல்லிய துணியை விரித்து, இரண்டு கைப்பிடி மொட்டுகளை வைத்து மூடி இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். துணி இடையில் இல்லாவிட்டால் பூவின் ஈரம் சீனியைக் கட்டியாக்கும். பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, ஏனெனில் குளிரில் மொட்டு சரியாக மலராது. காலையில் பூவை அகற்றி, மணம் போதாதெனில் மறுநாள் புதிய மொட்டுகளோடு மீண்டும் ஒருமுறை வைக்கலாம். உப்பில்லாத பட்டரைத் தட்டில் மெல்லியதாகப் பூசி மொட்டுகளை அதன்மேல் கவிழ்த்து வைப்பது இன்னும் ஆழமான மணத்தைத் தரும் என்றாலும், நம் வெப்பத்தில் பட்டர் இளகிப் பூவோடு ஒட்டிக்கொள்வதால் சீனி வழியே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. மல்லிகையின் குறை அதன் அடர்த்தி. பூச்சூடலையும் பூசையறையையும் நினைவூட்டும் மணத்தை நாவில் சுவைப்பது சிலருக்கு ஒவ்வாது. ஆகவே வருவோரின் விருப்பம் தெரியாத பெரிய கூடலுக்கு இது துணிந்து வைக்கத்தக்கதன்று.

செவ்வரத்தையையும் சங்குப்பூவையும் சேர்த்தே பார்க்கலாம், ஏனெனில் இரண்டும் நிறம் தருபவை, மணம் தராதவை. வீட்டு வேலியோரச் செவ்வரத்தையில் இலேசான புளிப்பைத் தவிரச் சுவையில்லை. இப்பூக்களின் நிறமியான அந்தோசயனின் புளிப்பில் ஒரு நிறமும் காரத்தில் வேறொரு நிறமும் காட்டும். தேசிக்காய்ச் சாறு பட்டால் செவ்வரத்தைச் சாறு ஒளிரும் சிவப்பாகவும் சங்குப்பூவின் நீலம் ஊதாவாகவும் மாறும். அப்பச்சோடா பட்டாலோ இரண்டும் பச்சை கலந்த மங்கலுக்குச் சென்றுவிடும். பேக்கிங் பவுடர் சேர்ந்து, மேற்புறம் பொன்னிறமாகச் சிவக்கும் கேக் கலவையில் இந்நிறங்களை நம்பி இறங்குவது ஏமாற்றத்திலேயே முடியும். உலர்ந்த சங்குப்பூ பத்தை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரை ஐசிங் சீனியில் குழைத்து மேலே ஊற்றினால் செயற்கை நிறமின்றி நீல மேற்பூச்சு கிடைக்கும். பாதியில் நான்கு துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் ஊதாவும் கிடைத்துவிடும். பிள்ளைகள் தாமே அச்சாற்றை விட்டு நிறம் மாறுவதைக் காணும்படி செய்தால் பிறந்தநாளில் அவர்களுக்கு அதைவிட மகிழ்ச்சியான வேலை இல்லை. மணத்துக்கு மட்டும் வேறொன்றைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

இலுப்பைப்பூவை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. மன்னார் மாவட்டத்தில் இலுப்பைக்கடவை என்று ஊரே பெயர் பூண்ட மரம் இது. எண்ணெய் விளக்குகளுக்கும் பழைய சமையலுக்கும் அதன் விதை எண்ணெய் கொடுத்ததை முதியவர்கள் அறிவார்கள். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழி அதன் இனிப்பை உயர்த்திப் பேசுவதற்காக எழுந்ததன்று என்றாலும், உலர்ந்த பூவின் எடையில் பாதியளவுக்குச் சர்க்கரைச் சத்து உண்டு என்ற உண்மை அதற்குள் அடங்கியிருக்கிறது. சதைப்பற்றுள்ள பூவிதழ் விடியற்காலையில் உதிரும். மரத்தடியில் துணி விரித்து வைத்துச் சேகரித்து, உள்ளிருக்கும் மகரந்தக் கேசரங்களை நீக்கிக் கழுவி, இரண்டு மூன்று நாட்கள் நல்ல வெயிலில் உலர்த்தினால் உலர்ந்த முந்திரிகைப் பழம்போல் சுருங்கும். காலையிலேயே உலர்த்தத் தொடங்காவிட்டால் அது விரைவில் நொதித்துவிடும் என்பதை மறக்கலாகாது. நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து கலவையில் சேர்த்தால் கடிக்கும் இடத்தில் இனிப்பும் ஒருவிதக் காட்டு வாசனையும் சேர்ந்து வரும். இந்த ஒரு பூவுக்கு மட்டும் சீனிக்குப் பதில் பனங்கட்டி பொருந்துகிறது; ரோசாவையும் மல்லிகையையும் மூடிவிடும் பனங்கட்டியின் அழுத்தமான சுவைக்கு இலுப்பைப்பூ ஈடுகொடுக்கிறது. எனினும் விருந்தினர் எதிர்பார்க்கும் மென்மையான பூமணம் இதில் இல்லை. மரம் அருகில் இருப்போருக்கும், பழைய சுவையைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த விரும்புவோருக்கும் இது உகந்தது.

ஆறாவது தெரிவாகிய தேனைப் பூவோடு சேர்த்து எண்ணலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எண்ணத்தான் வேண்டும் என்பேன். தேனீ காட்டின் பல பூக்களிலிருந்து திரட்டிய மதுவே தேன். அதன் மணம் எந்த மரங்கள் பூத்தன என்பதைப் பொறுத்தே அமைகிறது. வன்னிக் காட்டுத் தேனுக்கு இலேசான கசப்பும் கருமையும் கலந்த ஆழம் உண்டு. மணத்தை இழந்து இனிப்பாக மட்டும் எஞ்சும் பொதிசெய்த தேனில் அது கிடைப்பதில்லை. சூட்டில் தேனின் மென்மையான மேல்மணம் ஓரளவு போய்விட்டாலும் அடிச்சுவை நிலைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய நன்மை, தேன் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தன்மையது. சித்திரை வெப்பத்தில் சாதாரண கப்கேக் மறுநாளே உலரத் தொடங்கும்போது, தேன் கப்கேக் இரண்டாம் நாளில் இன்னும் மென்மையாகவும் சுவை கூடியும் இருக்கும். விருந்துக்கு முந்தைய நாளே வேலையை முடித்துவிட விரும்பும் வீட்டாருக்கு இது சிறிய நன்மையன்று.

ஆனால் சீனியை எடுத்துவிட்டு அதே அளவு தேனை ஊற்றினால் கேக் கெடும். 110 கிராம் சீனியை 60 கிராமாகக் குறைத்து 50 கிராம் தேன் சேர்ப்பது பாதுகாப்பான அளவு. தேனில் நீர் இருப்பதால் பாலை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைக்க வேண்டும். தேன் புளிப்புத் தன்மையுடையது என்பதால் ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்த்தால் கேக் நன்கு எழும்பும். தேன் விரைவில் கருகும், எனவே வெப்பத்தை 160 பாகைக்கு இறக்கி, நேரத்தை மூன்று நிமிடங்கள் வரை நீட்டிக்க வேண்டும். நல்ல தேனை அறிவதற்காகச் சொல்லப்படும் நீர்ச் சோதனையும் தீக்குச்சிச் சோதனையும் நம்பத்தக்கவையல்ல. கருப்பட்டிப் பாகும் சீனிப் பாகும் கலந்த தேன் அச்சோதனைகளைக் கடந்துவிடும். காட்டுக்குச் சென்று எடுப்பவரை நேரில் அறிந்தோ, அறிந்தவர் மூலமோ வாங்குவதே உறுதியான வழி. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எவ்வடிவிலும் கொடுக்கலாகாது என்பதைக் கூடலுக்கு வரும் தாய்மாருக்குச் சொல்லிவிட வேண்டும்; தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் கேக் வேகும் சூட்டில் அழிவதில்லை.

மேற்பூச்சைத் தீர்மானிப்பது வெயில். படங்களில் நாம் காணும், பூவிதழ்போல் சுருட்டி ஏற்றிய பட்டர் ஐசிங் குளிரூட்டிய அறைக்கு உரியது. பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் முற்றாக உருகிவிடும். அதற்கு வெகு முன்னரே இளகிச் சரியத் தொடங்கும். கிளிநொச்சியிலிருந்து விசுவமடுவுக்கோ புதுக்குடியிருப்புக்கோ முச்சக்கர வண்டியில் நண்பகலில் கொண்டுசெல்லும் பெட்டிக்குள் அது என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாஜரீன் சற்றுக் கூடுதலாகத் தாங்கினாலும், அதன் வாசனை பூமணத்தோடு மல்லுக்கட்டுவதால் பூமணக் கேக்குக்கு அதை நான் ஏற்பதில்லை. ஐசிங் சீனி 150 கிராமை இரண்டு மேசைக்கரண்டி திரவத்தில் குழைத்து ஊற்றும் மெல்லிய மேற்பூச்சோ அரை மணித்தியாலத்தில் உலர்ந்து இறுகி, வெயிலுக்கும் பயணத்துக்கும் அசையாமல் நிற்கிறது. அந்தத் திரவம் பன்னீராகவோ, சங்குப்பூ நீராகவோ, தேசிக்காய்ச் சாறாகவோ இருக்கலாம். சீனியே மல்லிகை மணமேறியதாகவும் இருக்கலாம். பூமணத்தின் இனிப்பு திகட்டாமலிருக்க ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றை, நீல நிறம் வேண்டிய சங்குப்பூவைத் தவிர, எப்பூவோடும் சேர்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது மேற்பூச்சு நம் நாட்டுப்புறத்துக்கே உரியது. சட்டித் தயிரை, அதிலும் எருமைத் தயிரை, துணியில் கட்டி இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கவிட்டால் நீர் வடிந்து கெட்டியாகும். இரண்டு மேசைக்கரண்டி தேன் கலந்து கேக்கின்மேல் கரண்டியால் வைத்தால், பட்டர் ஐசிங்கைவிட இனிப்புக் குறைந்து, புளிப்பும் தேன்மணமும் கலந்து சுவைக்கும். சுவையில் இதற்கு நிகரான மேற்பூச்சை நான் அறியேன். ஆனால் 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இதை ஒரு மணித்தியாலத்துக்குமேல் வெளியில் வைப்பது பாதுகாப்பன்று. ஆகவே பரிமாறும் வேளையில்தான் ஏற்ற வேண்டும், பயணத்துக்கு எடுத்துச்செல்லக் கூடாது.

அடுப்பும் தெரிவைக் கட்டுப்படுத்துகிறது. வெப்பத்தைத் திட்டமாக அமைக்கக்கூடிய மின் வெதுப்படுப்பு இருந்தால் எக்கேக்கும் செய்யலாம். ஆனால் 2022 பங்குனி இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததைக் கண்டவர்கள் மாற்று வழி ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். அடிகனத்த பெரிய சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சுத்தமான மணலிட்டு, அதன்மேல் கம்பித் தாங்கி வைத்து, மூடிப் பதினைந்து நிமிடம் சூடாக்கிய பின் அச்சுகளை உள்ளே வைத்தால், மெல்லிய தீயில் 25 முதல் 30 நிமிடத்துக்குள் கேக் வெந்துவிடும். காஸ் அடுப்பிலும் விறகடுப்பிலும் இது இயலும். அடிப்பக்கச் சூடு மிகுவதால் தேன் கப்கேக்கின் அடி இதில் கருகும் வாய்ப்பு அதிகம். ரோசாக் கப்கேக் தப்பித்துவிடும். ஆகவே மணல் சட்டியை நம்பியிருப்போர் கலவைக்கு ரோசாவையும், மேலே வார்ப்பதற்குத் தேனையும் வைத்துக்கொள்வது நன்று. இட்டலிச் சட்டியில் ஆவியில் அவிக்கும் வழியும் உண்டு: மேற்புறம் சிவக்காததால் நிறம் தூய்மையாகத் தெரியும், ஆனால் ஒட்டும் தன்மை கூடி, மறுநாளைக்கு நிற்காது.

கோயில் பொங்கலை ஒட்டி விரதமிருக்கும் வீடுகளில் முட்டை சேர்க்க இயலாது. இரண்டு முட்டைக்குப் பதிலாக 120 கிராம் தயிரும் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் சேர்த்தால் கேக் சற்று அடர்த்தியாக, ஆனால் மென்மையாக வரும். தயிரின் புளிப்பு ரோசாவோடு நன்கு இணைகிறது. காட்டுத் தேனின் கசப்போடு சேரும்போது சுவை சற்றுக் கடுமையாகிறது. எனவே முட்டையில்லாக் கேக்குக்குப் பன்னீரையே பரிந்துரைப்பேன்.

இவற்றையெல்லாம் வைத்து, புத்தாண்டு நாளில் பலரும் வந்துபோகும் வீட்டுக்கு எதைச் செய்வது என்று கேட்டால், தேன் கலந்த கப்கேக்கும் அதன்மேல் பன்னீரில் குழைத்த மெல்லிய மேற்பூச்சும் என்று தயங்காமல் சொல்வேன். முதல் நாளே சுட்டுவைக்கலாம், மாலை வரை உலராது, வெயிலில் சரியாது; ரோசா மூக்கிலும் தேன் நாவிலும் என்று இரண்டு பூமணங்களும் தத்தம் இடத்தில் நிற்கும். தேன் விலை கைமீறினால் கலவையிலும் மேற்பூச்சிலும் பன்னீரையே வைக்கலாம். மணம் ஒன்றாகிவிடும் என்பதைத் தவிரக் குறையில்லை. எறும்பு நாடாத வீடு வன்னியில் இல்லாததால், இனிப்புத் தட்டை நீர் ஊற்றிய அகன்ற தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தின்மேல் தூக்கிவைப்பது நன்று. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குச் சங்குப்பூ மேற்பூச்சு போதும், கலவையில் நான்கு துளி ரோசா எசன்ஸ் சேர்த்துக்கொள்ளலாம். நெருங்கிய உறவினர் பத்துப் பேர், வெயில் இறங்கிய பின், முற்றத்தில் பாயோ கதிரையோ போட்டு அமரும் கூடலென்றால், அப்போது மட்டும் மல்லிகையைத் தேர்வேன். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே மொட்டுப் பறித்துச் சீனியில் வைக்கத் தொடங்க வேண்டும். மேற்பூச்சை விருந்தினர் வருவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னர் ஊற்றினால் போதும்.